கழற்றச் சொன்னது அப்பா

தாலியைக் கழற்றியது அம்மா. கழற்றச் சொன்னது அப்பா. எங்கள் சொந்தக்காரர்கள் ஞாபகம் வைத்திருப்பது முதல் பாதியை மட்டும்தான். இரண்டாவது பாதியை நான் எத்தனையோ கல்யாண வீடுகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். "ஆமாமா, பாவம்" என்று கேட்டுக்கொள்வார்கள். பந்தியில் கை கழுவிவிட்டு வருவதற்குள் மறந்துவிடுவார்கள். எனக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி. அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. காலையில் ஆபீஸ் பஸ்ஸில் போவார், சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் வேலை பார்த்த பகுதிக்குள் நுழைவதற்கு முன்னால் மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். அப்படிக் கழற்றிக் கழற்றி, கடைசியில் கல்யாண மோதிரத்தைப் போடுவதையே விட்டுவிட்டார். வேலையிடத்து விதிகளை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். கேஸ் அடுப்பை அணைத்தால் போதாது, சிலிண்டரையும் மூட வேண்டும். இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அவளுக்கு அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எங்கள் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே காணும் பொங்கல் என்றால் பெரியவர்களைப் பார்த்துக் காலில் விழுந்துவிட்டு வருவதோடு சரி. செங்கல்பட்டுப் பக்கத்திலோ அன்றைக்கு ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும். தெருவே காலியாகி, நாங்கள் மட்டும் பேய் மாதிரி உட்கார்ந்திருப்போம். நானும் தம்பியும் அழுது புரண்டு, ஒரு வருடம் அப்பாவைச் சம்மதிக்க வைத்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பொங்கல்.

சம்மதித்ததும் அப்பா முதலில் போட்ட விதி, "கடல்ல இறங்குறவங்க நகை எதுவும் போட்டுக்கக் கூடாது" என்பது. அவரோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவிக்கு அலையில் சங்கிலி போய்விட்டதாம். கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்களாம், ஒன்றும் செய்ய முடியவில்லையாம்.

"வளையலைக் கழட்டிடறேன். தோடும் வேணாம்" என்றாள் அம்மா.

"கொடியையும்தான் சொல்றேன்."

தாலிக்கொடியைக் கழற்றுவது என்பது அம்மா யோசித்தே பார்க்காத விஷயம். குளிக்கும்போதும் கழுத்தில்தான் கிடக்கும். பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் கேட்டதற்குக்கூட மாட்டேன் என்று நின்றவள். இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் அதிகமாகக் கேட்டது. அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மாட்டுப்பொங்கல் அன்று நூல்கண்டில் இருந்து நூலை எடுத்துத் திரித்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தாள். பொங்கல் பானையில் கட்டியிருந்த மஞ்சள் கொத்திலிருந்து ஒரு கிழங்கைக் கிள்ளி நூலில் முடிந்தாள். அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இதையும் நீங்களே கட்டிவிட்டுடுங்க. அது மேலயே இது கிடக்கட்டும். அங்க போயி அதை மட்டும் கழட்டிக்கறேன். கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது."

அப்பா சிரித்துக்கொண்டே மூன்று முடிச்சுப் போட்டார். "ரெண்டாம் கல்யாணம்டா" என்று தம்பியிடம் கண்ணடித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். மாமல்லபுரத்தில் தேர்க்கூட்டம். மணலே தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. எங்களிடம் ஒரு பெரிய வயர் கூடை. பச்சையும் வெள்ளையுமாக அம்மாவே பின்னியது. அதற்குள் புளிச்சோறு, மாற்றுத் துணிகள், துண்டு, அப்பாவின் பர்ஸ், எல்லாம். கடலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போர்வையை விரித்தோம். பக்கத்தில் ஏற்கனவே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுடைய மாமியார், இன்னும் இரண்டு பிள்ளைகள். அவர்கள் வீட்டு ஆண்கள் கடலுக்குள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் எங்களைப் பார்த்ததுமே, அம்மா புதுசு என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாக்கா, கடல் பாத்ததே இல்லியா? அப்டி முழிக்கிறே?"

"பாத்திருக்கேன். இறங்குனதில்ல."

"அய்ய, இறங்கு. ஒண்ணியும் பண்ணாது. நாங்க நெம்மேலி. எங்குளுக்கு இதான் வாசல்."

அம்மா அவளுக்குப் புளிச்சோறு கொடுத்தாள். அவள் வறுத்த மீன் கொடுத்தாள். நாங்கள் சைவம் இல்லை என்றாலும் பண்டிகை நாளில் சாப்பிடலாமா என்று அம்மா யோசித்து முடிப்பதற்குள் தம்பி தின்று முடித்துவிட்டான். சாப்பிட்ட பிறகு அம்மா கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். முந்தானையை மூடிக்கொண்டு தாலிக்கொடியைத் தலை வழியாக எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கைக்குட்டையில் சுற்றி, காலியான பவுடர் டப்பாவுக்குள் போட்டு, கூடையின் அடியில் துணிகளுக்குக் கீழே வைத்தாள். பிறகு கழுத்தில் மஞ்சள் கிழங்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவளை விடவே இல்லை.

அப்பா கூடைக்குக் காவலாக உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் இறங்கினோம். எனக்கும் தம்பிக்கும் பயமே இல்லை. அம்மாதான் கணுக்கால் நனைகிற இடத்தைத் தாண்ட மாட்டேன் என்றாள். ஒவ்வொரு அலைக்கும் பின்வாங்கி, சேலையைத் தூக்கிக்கொண்டு, திரும்பித் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கடைசியில் கையைத் தூக்கிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, நீங்க வந்து கையைப் பிடிங்களேன். ஒரு தடவை."

அம்மா அப்படியெல்லாம் கேட்கிறவள் இல்லை. அப்பாவுக்கும் அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கூடைக்குள் வைத்தார், கூடையையே பார்த்தார். பஸ் ஸ்டாண்டிலும் ரயிலிலும் நாம் எல்லோரும் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணிடம், "கொஞ்சம் பாத்துக்கம்மா, இதோ வந்துடறேன்" என்றார்.

"நீ போ அண்ணாத்த. நான் எங்க போவப் போறேன்."

எல்லாவற்றுக்கும் விதி வைத்திருந்த அப்பா இதற்கு மட்டும் எந்த விதியும் வைத்திருக்கவில்லை.

அப்பா அம்மாவின் கையைப் பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மெதுவாக இழுத்துக்கொண்டு முழங்கால் ஆழம் வரைக்கும் போனார். அலை காலடி மணலை உருவியபோது அம்மா "அய்யய்யோ" என்று கத்தி அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். அடுத்த அலைக்கும் கத்தினாள். அதற்கடுத்த அலைக்குச் சிரித்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. நாங்களும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டோம். நாலு பேரும் கைகோத்துக்கொண்டு, பெரிய அலை எப்போது வரும் என்று கடலையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் குடும்பம் முழுசாகச் சந்தோஷமாக இருந்த ஒரு பொழுதைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். திருட்டு நடந்ததும் இதே பொழுதில்தான். ஒன்றை நினைத்தால் இன்னொன்றும் கூடவே வந்துவிடுகிறது, பிரிக்க முடியவில்லை.

நாங்கள் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தபோது போர்வை இருந்தது, கூடை இல்லை. அந்தப் பெண் குழந்தையைத் தட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"கூடை எங்கம்மா?" என்றார் அப்பா.

"இன்னாண்ணா, ஒங்க ஆளுதான வந்து எடுத்துனு போச்சு?"

"எங்க ஆளா?"

"ஆமா. பேண்டு போட்டுகினு ஒருத்தரு. 'அண்ணி ஈரத்தோட நிக்கிறாங்க, துணி கேட்டாங்க, கூடைய எடுத்தாரச் சொன்னாங்க'ன்னாரு. அக்காவக் கையக் காட்டி, 'அதோ மஞ்சச் சேலை, அவங்கதான்'னு சொன்னாரு. ஒங்க தம்பின்னு நெனச்சிகினு வுட்டுட்டேன்."

சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. அப்பா கூட்டத்துக்குள் ஓடினார். கண்ணாடி கூடையோடு போய்விட்டதால் அவருக்குத் தூரத்தில் எதுவும் தெரியாது. பச்சையும் வெள்ளையுமாக எது தெரிந்தாலும் அதை நோக்கி ஓடினார். அது பலூன்காரனாக இருக்கும், இல்லை யாருடைய பாவாடையாகவாவது இருக்கும். அம்மா ஓடவில்லை. மணலில் உட்கார்ந்து மஞ்சள் கிழங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எம்மேல சந்தேகப்படாதக்கா, எம் புள்ள மேல சத்தியமா நான் இல்லக்கா" என்றாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு பழைய நைலக்ஸ் சேலையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். "இத்த கட்டிகினு போ. ஈரத்தோட எப்டி வூடு போவே?"

கடற்கரையில் பந்தோபஸ்துக்குப் போட்டிருந்த கூடாரத்தில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். நல்ல மாதிரிதான் பேசினார், உட்காரக்கூடச் சொன்னார். என்னென்ன போனது என்று அப்பா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தவர், தாலிக்கொடி என்றதும் அப்பாவை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"அத்த ஏம்மா கழட்டுனீங்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா, "நான்தான் சார் சொன்னேன்" என்றார். போலீஸ்காரர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "கழட்டலாமா அத்த?" என்று இன்னொரு தடவை தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

பஸ்ஸுக்கு அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர்தான் காசு கொடுத்தார். அப்பா ஈர வேட்டியும் பனியனுமாக, கண்ணாடி இல்லாமல், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அம்மா யாரோ ஒருத்தியின் சேலையைக் கட்டிக்கொண்டு, முந்தானையால் கழுத்தைப் போர்த்திக்கொண்டு வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அப்பா, "அவளும் கூட்டுக் களவாணியாத்தான் இருப்பா" என்றார். "சும்மா இருங்க" என்றாள் அம்மா. கூடை போனதற்கப்புறம் அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

பொருள் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஊர் அப்படி விடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பெண் கழுத்தில் மஞ்சள் கிழங்கு தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம், தாலி அடகுக்குப் போயிருக்கிறது. மறுநாளே அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னாக்கா, கெழங்கு கட்டிகினு கீறே? சேட்டு கடையாண்ட பூட்ச்சா?"

"இல்லக்கா, கடற்கரையில திருடு போயிடுச்சு."

"ஓ" என்றாள் அவள். அந்த "ஓ"வில் ஒரு மண்ணும் நம்பிக்கை இல்லை. அப்பாவின் ஆபீஸ் பஸ்ஸிலும் பேச்சு பரவியது. மாதச் சம்பளக்காரர் வீட்டிலேயே தாலி அடகா, சீட்டாடுகிறாரா, இல்லை வேறு ஏதாவது பழக்கமா என்று கேட்டார்களாம். அப்பா ஒவ்வொருவரிடமும் நடந்ததை விளக்கினார். விளக்க விளக்கச் சந்தேகம் அதிகமானது.

இதையெல்லாம்கூட அம்மா தாங்கியிருப்பாள். அந்த மாசிக்கு ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. செய்தி கேள்விப்பட்டு வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அம்மாவின் கழுத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"என் தம்பி கட்டினதை நீ கழட்டிக் கடல்கரையில வெச்சியாடி? அது சும்மா போற போக்கா? இனிமே அவன் உசுருக்கு யாரு ஜவாப்தாரி?"

அப்பா அத்தையைக் கோபித்தார். உலோகம் என்ன, உயிர் என்ன என்று தன் விஞ்ஞானத்தையெல்லாம் எடுத்துவிட்டார். அத்தை தங்கியிருந்த நாள் முழுக்க அழுதுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. எனக்கு அத்தை மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அதற்கப்புறம் அம்மாவுக்கு ஒரே கவலைதான். அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும், அதற்குத் தான்தான் காரணம். சாயங்காலம் ஆபீஸ் பஸ் வருகிற நேரத்துக்கு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ் தாமதமானால் கை கழுத்துக்குப் போய்விடும். அப்பா தெருமுனையில் தெரிந்ததும் உள்ளே ஓடி, எதுவும் நடக்காதது மாதிரி காபி போடுவாள். அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்குமா? முதலில் எரிச்சல்பட்டார். பிறகு அதையே விளையாட்டாக்கிவிட்டார். கேட்டைத் திறக்கும்போதே, பள்ளிக்கூடப் பையன் மாதிரி, "ஆஜர்!" என்று கத்துவார். உள்ளே அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பாள். தெருவில் உள்ள பிள்ளைகள்கூட அப்பாவைப் பார்த்து "ஆஜர் மாமா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

புதுத் தாலி செய்துகொள்ள மட்டும் அவள் சம்மதிக்கவே இல்லை. அப்பா கெஞ்சினார், சண்டை போட்டார்.

"ஊருக்குள்ள என் மானம் போகுதுடி."

"உங்க மானம் போனாப் போகட்டும். நீங்க இருங்க."

"மஞ்சக் கிழங்கு கட்டியிருந்தா நான் இருப்பேன், தங்கம் கட்டினா போயிடுவேனா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "தங்கம்னாத்தான் கழட்டி வைன்னு சொல்லத் தோணும். மஞ்சளைக் கழட்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

அப்பாவைக் குறை சொல்வது மாதிரி அவள் பேசியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் அம்மா புது நூல் திரித்து, புதுக் கிழங்கு முடிந்து நீட்டுவாள். அப்பா வாயைத் திறக்காமல் கட்டிவிடுவார்.

அந்த நெம்மேலிப் பெண்ணின் சேலையை அம்மா துவைத்து மடித்து ஒரு கவரில் வைத்திருந்தாள். மாமல்லபுரம் பக்கம் யார் வீட்டுக் காரியத்துக்குப் போனாலும் அதையும் எடுத்துக்கொள்வாள். பேர் தெரியாது, வீடு தெரியாது, முகம் மட்டும்தான் தெரியும். கடல் ஊருக்குள் வந்த வருடம் எல்லோரும் அவரவர் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து, "நெம்மேலின்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "திருடிக்கா இவ்வளவு கவலை?" என்றார் அப்பா. "அவ திருடி இல்ல" என்றாள் அம்மா. அந்த வழக்கு அவர்கள் இருவருக்குள்ளும் கடைசிவரை தீராமலே இருந்தது.

எனக்கு நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது. கல்யாணமும் நிச்சயமானது. சம்பந்தி வீட்டார் முன்னால் அம்மா கிழங்கோடு நிற்கக் கூடாது என்று அப்பா யாருக்கும் சொல்லாமல் ஒரு கொடி செய்து வாங்கி வந்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினாள், கண்ணில் ஒற்றினாள், பீரோவில் வைத்துப் பூட்டினாள். என் கல்யாணத்தில் மஞ்சள் கிழங்கோடுதான் நின்றாள். மேடையில் என் மாமியாரின் பார்வை அம்மாவின் கழுத்திலேயே இருந்தது. எனக்கு அன்றைக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.

அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் அம்மாவின் காவல் இன்னும் கெடுபிடியானது. வருடத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடினால் ஊறுகாய் ஜாடி பரண் மேல் ஏறிவிடும். லேசாக இருமினால் டாக்டர். நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம். நானும் தம்பியும் போன் செய்தால் முதல் கேள்வியே, "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்பதுதான். "நல்லா இருக்கார், ஆஜர்" என்பாள் அம்மா. போனில் அவளுக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டிருக்கிறது. "மாடியில துணி காயப் போட்டுட்டு வந்தேன்" என்பாள். சரி என்று நானும் வைத்துவிடுவேன்.

அப்பா ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். அப்பாவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, அடுப்பை அணைத்து, மறக்காமல் சிலிண்டரையும் மூடிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண், மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"முன்னாடி எப்பவாவது நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காங்களா? எங்கயாவது காட்டியிருக்கீங்களா?"

தன்னுடைய சர்க்கரை அளவையும் கொழுப்பு அளவையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய அப்பா, பதில் தெரியாமல் நின்றாராம். தம்பிதான் பிறகு சொன்னான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் முழுக்க மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் "சுமங்கலியாப் போயிட்டா, கொடுத்து வெச்சவ" என்றார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரிலிருந்து அத்தையும் வந்திருந்தாள், கிழவியாகிவிட்டாள். எடுக்கிற நேரம் வந்ததும், வழக்கப்படி அம்மாவின் மூக்குத்தி, தோடு, வளையல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கழுத்துக்கு வந்ததும் கை நின்றது. அவளுக்கும் எல்லாம் ஞாபகம் இருந்திருக்கும் போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"தம்பி, பீரோவுல இருக்கே, அந்தத் தங்கக் கொடியைக் கொண்டா. ஒரு நிமிஷம் நீ கட்டிவிடு. இந்தக் கிழங்கை எடுத்துட்டு லட்சணமாப் போகட்டும். வாசல் தாண்டறதுக்கு முன்னாடி கழட்டிக்கலாம்."

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தை சொன்னதைக் கேட்டதும் கையை ஊன்றி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ஆடியில் அவரே போட்ட முடிச்சு. கிழங்கு காய்ந்து சுருங்கி, நூல் வேர்வையில் கறுத்துப் போயிருந்தது.

"வேணாம்க்கா" என்றார். "தங்கத்தைக் கட்டினா கழட்டணும். இதை யாரும் கழட்ட வேணாம்."

அத்தை கையை எடுத்துக்கொண்டாள். அம்மா அதோடுதான் போனாள்.

மயானத்திலிருந்து ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். நான் வாசலில் சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டு நின்றிருந்தேன். அம்மா நிற்கிற அதே இடம். அப்பா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். கேட்டின் கொண்டியில் கை வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடப் போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலியேம்மா" என்றார். "இத்தனை வருஷமா எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தோமே. அவளை யாரும் பாக்கலியே."